1,640 பழைய நெகட்டிவ், ஒரு எளிய ஆல்பம் பக்கம்: பிஎச்பியில் எங்கே தப்பு செய்கிறேன்?

ஸ்டுடியோமகன் | சனி, இரவு 10.40

வணக்கம். அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தார். கடையை மூடியபோது நெகட்டிவ்களையெல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். பூஞ்சை பிடிக்காமல் தப்பியதை இரண்டு வருஷமாக ஸ்கேன் செய்து வருகிறேன். இப்போது 1,640 படம் தேறியிருக்கிறது. பாதிக்கு மேல் 35 மிமீ, மீதி யாஷிகா கேமராவில் எடுத்த 120 ஃபிலிம், சதுரப் படங்கள். எல்லாமே 3,200 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 3,200 புள்ளி.

ஊர்க்காரர்கள் போனில் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும். ஆல்பம் பட்டியல், உள்ளே போனால் குட்டிப் படங்கள், தொட்டால் பெரிய படம், கீழே ஒரு வரி குறிப்பு. இவ்வளவுதான். ரெடிமேட் மென்பொருள் ஒன்றை முன்பு வைத்திருந்தேன். அப்டேட் செய்யாமல் விட்டேன், ஒருநாள் பார்த்தால் பக்கம் முழுக்கச் சூதாட்ட விளம்பரம். அதனால் இந்தத் தடவை நானே பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதினேன். ஃபோல்டரைப் படிக்கிறது, ஒவ்வொரு படத்தையும் ஜிடி (பிஎச்பியில் படவேலைக்கான நிரல்தொகுப்பு) வைத்துச் சுருக்கிக் காட்டுகிறது. மொத்தம் அறுபது வரி.

உபுண்டு லேப்டாப்பில் அருமையாக ஓடியது. ஹோஸ்டிங்கில் ஏற்றினால் சில ஆல்பம் திறக்கிறது, சிலவற்றில் வெறும் வெள்ளைப் பக்கம். திறக்கிற ஆல்பமும் ஒரு நிமிஷம் எடுக்கிறது. வரிசையும் 1, 10, 100, 2 என்று வருகிறது. எங்கே பிடித்துத் தொங்குவது?

தரவுதாசன் | சனி, இரவு 11.05

முதலில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒரு டேபிள் போடுங்கள். படத்தின் எண், ஆல்பம், தேதி, குறிப்பு. ஃபோல்டரை நேரடியாகப் படித்துக் காட்டுவது பள்ளிக்கூட ப்ராஜெக்ட் மாதிரி. அடித்தளம் சரியாக இல்லாமல் மேலே என்ன கட்டினாலும் நிற்காது.

பழையபிஎச்பி | சனி, இரவு 11.30

டேபிள் அப்புறம் போடலாம், வெள்ளைப் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தம்பி, ஒரு கேள்வி. வெள்ளையாக வருகிற ஆல்பமெல்லாம் சதுரப் படம் இருக்கிற ஆல்பம்தானே?

ஸ்டுடியோமகன் | சனி, இரவு 11.34

ஆமாம் அண்ணே! இப்போதுதான் கவனிக்கிறேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழையபிஎச்பி | ஞாயிறு, அதிகாலை 12.10

கணக்குதான். ஜேபெக் ஃபைல் 9 எம்பிதானே என்று நினைக்கிறீர்கள். அது டிஸ்கில் மடித்து வைத்த புடவை. ஜிடி அதைத் திறக்கும்போது முழுவதும் விரித்தாக வேண்டும், ஒரு பிக்சலுக்கு 4 பைட். 35 மிமீ ஃபிரேம் 3,200 டிபிஐயில் ஏறக்குறைய 4,535-க்கு 3,024 பிக்சல். அதாவது 1 கோடியே 37 லட்சம் பிக்சல், 55 எம்பி. பிஎச்பியின் வழக்கமான நினைவக வரம்பு 128 எம்பி என்பதால் தப்பிவிடும். 120 ஃபிலிமில் சதுரம் 56 மிமீ. ஒரு பக்கம் 7,055 பிக்சல், மொத்தம் கிட்டத்தட்ட 5 கோடி. அதை 4 ஆல் பெருக்கினால் 199 எம்பி. அங்கேயே மூச்சு நின்றுவிடும். ஹோஸ்டிங்கில் பிழைச்செய்தியைத் திரையில் காட்டாமல் அடக்கி வைத்திருப்பார்கள், அதனால்தான் வெறும் வெள்ளை. பிழைகள் பதிவாகிற எரர் லாகைத் திறந்து 134217728 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். 128 எம்பியைப் பைட்டில் சொன்னால் அதுதான்.

வரிசைப் பிரச்சினை சின்னது. கணினி உங்கள் எண்ணை எண்ணாகப் படிக்கவில்லை, எழுத்தாகப் படிக்கிறது. நாட்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் கட்டளை போட்டால் 1, 2, 10 என்று வரும். ஆனால் அது பழைய சாவிகளை (ஒவ்வொரு பெயருக்கும் முதலில் இருந்த வரிசை எண்ணை) அப்படியே வைத்துக்கொள்ளும். பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கிற ஃபார்ஈச்சில் சரியாக வரும், எண்ணை வைத்து ஃபார் சுற்றினால் பழைய வரிசையே வந்து நிற்கும். ஒருமுறை இதில் அரைநாள் தொலைத்தேன்.

ஸ்டுடியோமகன் | ஞாயிறு, காலை 7.15

லாகில் அதே எண் இருக்கிறது. நாற்பது தடவை. ஆனால் லேப்டாப்பில் எப்படி ஓடியது?

நள்ளிரவுநிரலி | ஞாயிறு, காலை 9.20

கமாண்ட் லைனில், அதாவது கட்டளை தட்டுகிற திரையில், ஓட்டியிருப்பீர்கள். உபுண்டுவில் கமாண்ட் லைன் பிஎச்பிக்கு நினைவக வரம்பு -1, அதாவது வரம்பே கிடையாது.

உங்களுக்கு வழியும் அங்கேயேதான் இருக்கிறது. போனில் தட்டுவதால் நிரலை ஒட்ட முடியவில்லை, கட்டளைப் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

யாராவது பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் படத்தைச் சுருக்காதீர்கள். கல்யாண வீட்டில் ஒவ்வொரு விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு அரிசி ஊற வைப்பது மாதிரி அது. லேப்டாப்பில் ஒரே தடவை ஓட்டி இரண்டு அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: 320 பிக்சல் அகலத்தில் குட்டி, 1,600 பிக்சலில் பெரியது. அந்த இரண்டு ஃபோல்டரை மட்டும் ஏற்றுங்கள். ஸ்கேன் மூலப்படம் வீட்டு ஹார்டு டிஸ்கை விட்டு வெளியே வரவே வேண்டாம். குட்டி ஒன்று 25 கேபி என்றால் 1,640-க்கும் சேர்த்து 41 எம்பி. பெரியது சராசரி 350 கேபி என்று வைத்தாலும் 600 எம்பிக்குள் முடிந்துவிடும். இப்போது எவ்வளவு ஏற்றி வைத்திருக்கிறீர்கள், 12 ஜிபி இருக்குமா?

இன்னொன்று. சுருக்கும்போது இமேஜ்காப்பிரீசாம்பிள்டு என்பதைப் பயன்படுத்துங்கள். இமேஜ்காப்பிரீசைஸ்டு என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும், அதில் போட்டால் கண்ணாடி ஃபிரேமும் வேட்டிக் கரையும் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

ஹோஸ்டிங்கூலி | ஞாயிறு, மதியம் 1.45

ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகள். அதில் ஒருவர் பக்கம் திறக்கும்போதெல்லாம் நாற்பது படம் சுருக்குகிறார். அந்தச் சமயம் பார்த்துக் கூகுள் தேடுபொறி வந்து அவருடைய ஆல்பம் எல்லாவற்றையும் வரிசையாகத் திறக்கும். சிபியு மேலே போகும், கணக்கை நிறுத்தச் சொல்லி எனக்கு எச்சரிக்கை வரும். காலையில் அவர் கூப்பிட்டு "நேற்றுவரை நல்லாத்தானே ஓடுச்சு" என்பார்.

இன்னும் ஒரு படி மேலே போகலாமே. எச்டிஎம்எல் பக்கங்களையும் லேப்டாப்பிலேயே உருவாக்கி ஏற்றிவிட்டால் சர்வரில் பிஎச்பியே வேண்டாம். உடைக்கவும் ஒன்றும் இருக்காது.

பழையபிஎச்பி | ஞாயிறு, மதியம் 2.20

உடைக்க ஒன்றுமில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் ஊர் மக்களிடம் "இவர் யார்" என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பு எழுதப்போகிறவர். ஒவ்வொரு பெயருக்கும் 1,640 பக்கத்தைத் திரும்ப உருவாக்கி ஏற்றுவாரா? சுருக்குகிற வேலை லேப்டாப்பில் நடக்கட்டும். பட்டியல் போடுவது, பக்கம் பிரிப்பது, குறிப்பைச் சேர்ப்பது மட்டும் சர்வரில். அதற்கு இருபது வரி பிஎச்பி போதும், சர்வருக்கு வியர்க்கக்கூட வியர்க்காது.

தரவுதாசன் | ஞாயிறு, மாலை 4.00

குறிப்பு என்றதும் என்னிடம்தான் வர வேண்டும். எங்கே வைப்பீர்கள் குறிப்பை?

நள்ளிரவுநிரலி | ஞாயிறு, மாலை 4.25

ஒரு சிஎஸ்வி ஃபைலில், அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த உரைக்கோப்பில். ஒவ்வொரு வரியிலும் முதல் கட்டத்தில் படத்தின் பெயர், அடுத்ததில் குறிப்பு. 1,640 வரியைப் படிக்கக் கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது. ஃபோல்டரே ஆல்பம், ஃபைல் பெயரே அடையாளம். மைஎஸ்க்யூஎல் வைத்தால் அதற்கொரு பாஸ்வேர்டு, அதற்கொரு பேக்கப், ஹோஸ்டிங் மாற்றினால் அதற்கொரு இறக்குமதி. இவரோ ரெடிமேட் ஒன்றை அப்டேட் செய்யாமல் விட்டவர் என்று அவரே சொல்கிறார். (கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்தக் கட்சிதான்.)

தரவுதாசன் | ஞாயிறு, மாலை 4.40

"1983 பங்குனிப் பொங்கல், மேலத்தெரு" என்று யாராவது தேடினால்? சிஎஸ்வியைத் துழாவுவீர்களா?

நள்ளிரவுநிரலி | ஞாயிறு, மாலை 4.52

துழாவுவேன். 1,640 வரிதானே. பதினாறாயிரம் ஆகும் அன்றைக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாறலாம். அதுவும் ஒற்றை ஃபைல்தான்.

தரவுதாசன் | ஞாயிறு, மாலை 5.10

எஸ்க்யூலைட் என்றால் சம்மதம். அதுவும் டேபிள்தான் என்பதைப் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

பழையபிஎச்பி | ஞாயிறு, இரவு 8.30

எல்லோரும் வேகத்தையே பேசுகிறோம். தம்பி, பக்கத்தின் முகவரியில் ஆல்பம் பெயர் எப்படி வருகிறது? கேள்விக்குறிக்குப் பிறகு ஃபோல்டர் பெயரை அப்படியே எடுத்துப் பாதையோடு ஒட்டுகிறீர்களா?

ஸ்டுடியோமகன் | ஞாயிறு, இரவு 8.41

ஆமாம் அண்ணே, அப்படியேதான்.

பழையபிஎச்பி | ஞாயிறு, இரவு 9.15

அப்படியானால் அந்த இடத்தில் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு என்று நாலைந்து தடவை போட்டு, ஒருவன் உங்கள் ஆல்பத்தை விட்டு வெளியேறி மற்ற ஃபோல்டர்களை எட்டிப்பார்ப்பான். தெருவாசல் தாழ்ப்பாளை வெளியே வைத்தது மாதிரி.

சரி செய்வது சுலபம். வருகிறவர் கொடுத்த பெயரை வைத்துப் பாதையைக் கட்டாதீர்கள். ஆல்பம் ஃபோல்டர்களின் பட்டியலை நீங்களே முதலில் எடுங்கள். வந்த பெயர் அந்தப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் 404, அதாவது பக்கம் இல்லை என்ற பதில். குறிப்பைத் திரையில் அச்சிடும்போது எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாக அனுப்புங்கள், உள்ளே நிரல் ஏதும் இருந்தாலும் வெறும் எழுத்தாகவே தெரியும்.

தொலைவிலிருந்து படம் எடுத்து வந்து சுருக்கித் தருகிற வசதியையும் எழுதிவிடாதீர்கள். டிம்தம்ப் என்று ஒரு சின்ன பிஎச்பி ஸ்கிரிப்ட் இருந்தது, ஏகப்பட்ட வேர்ட்பிரஸ் தீம்களில் கூடவே வந்தது. அனுமதித்த தளத்தின் பெயர் முகவரியில் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, வந்ததை இணையத்திலிருந்து எட்டக்கூடிய ஃபோல்டரில் சேமித்தது. படம் என்ற பெயரில் பிஎச்பி ஃபைலையே அதற்குள் இறக்க முடிந்தது. 2011 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தபோது பெரிய அமளி. படம் சுருக்குகிற ஸ்கிரிப்ட்தானே என்று யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

ஸ்டுடியோமகன் | ஞாயிறு, இரவு 9.40

ஊர்க்காரர்கள் தங்களிடம் இருக்கிற பழைய படங்களை ஏற்றுகிற மாதிரி ஒரு அப்லோடு பக்கம் வைக்கலாம் என்று இருந்தேன். இதைப் படித்ததும் கை நடுங்குகிறது.

ஹோஸ்டிங்கூலி | ஞாயிறு, இரவு 11.55

நடுங்கட்டும், நல்லதுதான். வேண்டாம். வழக்கமான அமைப்பில் ஒரு ஃபைல் 2 எம்பி, ஒரு தடவைக்கு மொத்தம் 8 எம்பி, 20 ஃபைல் என்று வரம்பு இருக்கும். மொத்த அளவைத் தாண்டினால் ஹோஸ்டிங்கில் திரையில் பிழைகூடத் தெரியாது, ஃபார்ம் காலியாக வந்து சேரும். மக்கள் "அனுப்பிட்டேன், வரலையா" என்று உங்களைக் கூப்பிடுவார்கள். உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும். பார்த்துத் தேர்ந்தெடுத்து நீங்களே ஏற்றுங்கள்.

ஸ்டுடியோமகன் | வியாழன், இரவு 10.05

நாலு நாள் கழித்து வருகிறேன். சுருக்குகிற ஸ்கிரிப்ட் லேப்டாப்பில் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. குட்டி 38 எம்பி, பெரியது 540 எம்பி. ஹோஸ்டிங்கில் ஏற்றிவிட்டேன். பக்கம் இப்போது போனில் சட்டென்று திறக்கிறது. ஒரு பக்கத்துக்கு 40 படம், மொத்தம் 41 பக்கம் வர வேண்டும். ஆனால் மூன்று புதுப் பிரச்சினை.

212 படம் காணோம். ஃபோல்டரில் இருக்கிறது, பக்கத்தில் வரவில்லை.

அம்மாவின் கல்யாண ஆல்பத்துக்கு நெகட்டிவ் கிடைக்கவில்லை, ஒட்டியிருந்த பிரிண்டுகளைப் போனில் எடுத்திருந்தேன். அந்தக் குட்டிப் படங்களில் பாதி படுத்துக் கிடக்கின்றன. மூலப்படத்தை பிரௌசரில் திறந்தால் நேராக நிற்கிறது!

மூன்றாவதுதான் விசித்திரம். எல்லாப் படத்துக்கும் குறிப்பு வருகிறது, சிஎஸ்வியில் முதல் வரியில் இருக்கிற படத்துக்கு மட்டும் வரவில்லை. வரியை நீக்கித் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டேன்.

நள்ளிரவுநிரலி | வெள்ளி, காலை 6.50

212 எளிது. ஃபைல்களைத் தேடுகிற குளோப் கட்டளையில் நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஜேபிஜி என்று தேடியிருப்பீர்கள். ஏதோ ஒரு ஸ்கேனர் மென்பொருள் பெரிய எழுத்தில் பெயர் வைத்திருக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. எல்லாவற்றையும் சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள், நிரலில் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

படுத்த படம்: போனைச் சாய்த்துப் பிடித்தாலும் சென்சார் தன் போக்கில்தான் பதிகிறது. "இதை 90 டிகிரி திருப்பிக் காட்டு" என்று, படத்தின் ஃபைலுக்குள்ளேயே இருக்கிற எக்சிஃப் குறிப்பில் ஒரு எண் மட்டும் எழுதி வைக்கிறது. பிரௌசர்கள் அந்த எண்ணைப் படித்துத் தானே திருப்பிக்கொள்கின்றன, குரோம் 2020-இலிருந்து செய்கிறது. ஜிடி அதைக் கண்டுகொள்ளாது. சேமிக்கும்போது எக்சிஃப்பையே தூக்கி எறிந்துவிடும். அதனால் மூலம் நேராக நிற்கிறது, குட்டி படுக்கிறது. சுருக்குவதற்கு முன் அந்த எண்ணைப் படியுங்கள். 3 என்றால் 180. 6 என்றால் மைனஸ் 90, 8 என்றால் 90. மைனஸ் ஏன் என்றால் இமேஜ்ரொட்டேட் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பும். நானும் முதல் தடவை தலைகீழாகத்தான் நிறுத்தினேன்.

எக்சிஃப் போவதில் ஒரு லாபமும் உண்டு. போனில் இருப்பிடம் ஆன் செய்திருந்தால் வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் மூலப்படத்தில் உட்கார்ந்திருக்கும். அது வெளியே போகாது.

மூன்றாவது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் ஒன்று சொல்லுங்கள். சிஎஸ்வியை எதில் சேமித்தீர்கள்?

ஸ்டுடியோமகன் | வெள்ளி, காலை 7.02

தம்பி வீட்டு விண்டோஸில், ஒரு விரிதாள் மென்பொருளில். முதலில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தேன், தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டது. அப்புறம் யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன், தமிழ் வந்தது.

நள்ளிரவுநிரலி | வெள்ளி, காலை 7.10

அதேதான். ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் வைத்திருக்கும், பாம் என்பார்கள். உங்கள் முதல் படத்தின் பெயர் "1" இல்லை, "மூன்று பைட் + 1". ஃபோல்டரில் அப்படி ஒரு பெயர் இல்லாததால் குறிப்பு ஒட்டவில்லை. திறந்ததும் அந்த மூன்றையும் வெட்டிவிடுங்கள். அல்லது முதல் வரியில் வெறுமனே தலைப்பு எழுதிவிடுங்கள், அந்த மூன்று பைட் அதோடு ஒட்டிக்கொண்டு போகட்டும்.

கரிசல்காரன் | வெள்ளி, இரவு 9.30

எனக்கு பிஎச்பி தெரியாது. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். முதலிலிருந்து படித்ததில் யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். ஸ்டுடியோ படம் என்றால் அதில் பாஸ்போர்ட் படம் இருக்கும், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த பெண் படம் இருக்கும், இறந்தவரை நாற்காலியில் சாய்த்து எடுத்த படமும் இருக்கும். எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டப் போகிறீர்களா? 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவைப் பாருங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். நெகட்டிவ் உங்கள் அப்பாவின் டப்பாவில் இருப்பதால் மட்டும் படம் அவருடையது ஆகிவிடாது.

ஸ்டுடியோமகன் | வெள்ளி, இரவு 10.15

இது எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டேன். "பொண்ணுங்க படத்த அந்தக் காலத்துலயே கண்ணாடிப் பெட்டியில வைக்கச் சொன்னப்ப நான் வச்சதில்லடா" என்றார்.

இப்படிச் செய்கிறேன்: திருவிழா, பள்ளிக்கூட குரூப் போட்டோ, தெரு, பஸ் ஸ்டாண்டு, அப்பா தன் இஷ்டத்துக்கு எடுத்தவை மட்டும் பொதுவில். தனி ஆட்கள், கல்யாணம், துக்கம் எல்லாம் வேறு ஃபோல்டரில், அந்தந்தக் குடும்பம் கேட்டால் கொடுக்கலாம். அந்த ஃபோல்டரை எப்படிப் பூட்டுவது?

ஹோஸ்டிங்கூலி | சனி, அதிகாலை 2.30

பூட்டாதீர்கள், ஏற்றாதீர்கள். சர்வரில் இல்லாததை யாரும் திருட முடியாது. எங்கே வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்கிற ரோபோட்ஸ் ஃபைலில் அந்த ஃபோல்டர் பெயரை எழுதி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எங்கே ஒளித்தோம் என்று நாமே போர்டு வைப்பது மாதிரி.

ஸ்டுடியோமகன் | அடுத்த புதன், இரவு 8.50

பொதுவில் 903 படத்தோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன். முதல் ராத்திரியே அறுபத்து மூன்று பெயர் கிடைத்தது. கூடவே ஒரு பெரியம்மா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: "எலே, எங்க தெருப் பொம்பளைங்க எல்லாம் எப்பலே முந்தானைய வலது தோள்ல போட்டோம்?"

திறந்து பார்த்தால் 1981 கோயில் கொடை ஆல்பம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. ஆம்பளைகளுக்குச் சட்டைப் பை வலது பக்கம். டீக்கடை போர்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி. நெகட்டிவைப் புரட்டிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறேன்.

பழையபிஎச்பி | அடுத்த புதன், இரவு 9.05

சிரித்து முடிக்க நேரமானது. இமேஜ்ஃப்ளிப் என்ற கட்டளை போடுங்கள், இடவலமாக. புரண்டிருக்கிற பெயர்களை மட்டும் ஒரு உரைக்கோப்பில் எழுதி வையுங்கள், சுருக்குகிற ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலைப் பார்த்துத் திருப்பட்டும். மூலத்தைத் தொடாதீர்கள். போர்டு, பஸ் நம்பர், சுவர் விளம்பரம் இருக்கிற படங்களை முதலில் பார்த்தால் எந்த டப்பா புரண்டது என்று தெரிந்துவிடும்.

ஸ்டுடியோமகன் | அடுத்த வியாழன், காலை 6.30

இரண்டு டப்பா. 118 படம். அப்பா போர்டையெல்லாம் பார்க்கவில்லை, நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்து மங்கலான பக்கம் எது, மினுக்குகிற பக்கம் எது என்று பார்த்தே பிரித்துக் கொடுத்துவிட்டார். ராத்திரி ஓட்டி ஏற்றியாயிற்று. பெரியம்மாவுக்குச் சொல்லிவிட்டேன்.